மண் எங்களிடம், வரைபடம் யாரிடம்?

வெருகல் ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முன்னர், பாதையில் சாமான் ஏற்றி இறக்கிய காலத்திலிருந்தே நான் இந்தப் பக்கத்தில் வியாபாரம் செய்து வருகிறேன். ஆணி, கம்பி, சீமெந்து, பெயின்ற், குழாய், மின்சார சாமான்கள் என்று எல்லாம் கலந்த ஒரு ஹாட்வெயார் கடை. கணனிச் சிப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னை இதை எழுத வைத்தது ஒரு தராசு.

கடந்த மாரியில் ஓர் இரவு பலத்த இடி மின்னல். காலையில் கடையைத் திறந்து பார்த்தால் ஆணி நிறுக்கும் டிஜிட்டல் தராசு வேலை செய்யவில்லை. திருமலை டவுணுக்குக் கொண்டுபோய், திருத்துகிற தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "காக்கா, தட்டு நல்லம், பற்றரி நல்லம். சிப் போயிட்டு. இதத் தனியா எடுக்கேலாது. புதுத் தராசு வாங்கிறதுதான் லாபம்" என்றார். அந்தச் சிப்பையும் காட்டினார். என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. நல்ல இரும்பும் நல்ல தட்டும் உள்ள ஒரு தராசு, அந்தச் சிறு கறுப்புத் துண்டுக்காகக் குப்பைக்குப் போக வேண்டும் என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு என் தங்கச்சியின் மகன் கடைக்கு வந்தான். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நன்றாகச் செய்து, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருந்தான். நான்கு வருடப் படிப்பு. அதே நேரத்தில் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை இருப்பதாக உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டில் அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். எமது பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அத்திவாரத்தோடு நிற்கும் வீட்டைக் காட்டி, "காக்கா, இவன் வெளிநாடு போனாத்தான் சுவர் எழும்பும். நீங்க ஒரு முடிவு சொல்லுங்க" என்று தங்கச்சி என்னிடம் ஒப்படைத்திருந்தாள்.

பழுதான தராசை நான் மருமகனிடம் காட்டினேன். "மாமா, அதுக்குள்ள இருக்கிறது மண்தான். மண்ணில இருந்து எடுக்கிற சிலிக்கன். மண்ணுக்கு என்ன விலை? அதில கீறியிருக்கிற படத்துக்குத்தான் விலை. நான் படிக்க விரும்புறது அந்தப் படம் கீறுகிற வேலையத்தான்" என்றான்.

ஒரு சாமானை எடுப்பதற்கு முன் அதன் சந்தை எப்படி என்று விசாரிப்பது வியாபாரியின் பழக்கம். இந்தப் "படம் கீறுகிற" தொழிலின் சந்தை எப்படி என்று வாசித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் நான் விசாரித்தேன். விசாரித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

பெயின்ற் பேணி சொல்லும் கணக்கு

எங்கள் மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டை இருக்கிறது. அங்குள்ள கடற்கரை மண்ணில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள் உள்ளன. இல்மனைற்றிலிருந்து எடுக்கப்படும் டைட்டேனியம் டயொக்சைட்தான் பெயின்றுக்கு வெள்ளை நிறம் தருகிறது. நாம் இல்மனைற்றை மண்ணாகவே கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம். வெளிநாட்டில் அது பதப்படுத்தப்பட்டு, பெயின்றின் மூலப்பொருளாகத் திரும்பி வருகிறது. மண்ணுக்குக் கிடைத்த காசையும் பெயின்றுக்குக் கொடுக்கும் காசையும் ஒப்பிட்டால் இடையில் இருக்கும் இலாபம் யாருக்குப் போகிறது என்று விளங்கும்.

சிப் விடயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. உலகில் 2024இல் விற்பனையான சிப்களின் பெறுமதி 600 பில்லியன் டொலருக்கும் அதிகம். ஆனால் இந்தச் சந்தையில் மிகப் பெரிய பணம் பார்க்கும் கம்பனிகளில் சில, ஒரு சிப்பைக்கூடத் தமது சொந்த ஆலையில் செய்வதில்லை. 1993இல் தொடங்கப்பட்ட என்விடியா அதற்கு உதாரணம். அது வரைபடத்தைத் தயாரிக்கிறது. தைவானில் 1987இல் தொடங்கப்பட்ட டி.எஸ்.எம்.சி. போன்ற ஆலைகள் கூலிக்கு அதைச் செய்து கொடுக்கின்றன. சட்டை வியாபாரத்தில் டிசைன் ஒருவருடையது, தையல் கூலி இன்னொருவருக்கு என்பது எமக்குப் புதிதல்ல. அதே முறைதான் இதுவும்.

கையால் கீறிய காலம்

1971இல் இன்டெல் கம்பனி வெளியிட்ட 4004 என்ற சிப்பில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2,300. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு சிறிய சுவிட்ச் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சிப்பின் படத்தைப் பெரிய அளவில் சிவப்புப் பிளாஸ்டிக் தாளில் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். பிறகு அதைப் படம்பிடித்துச் சிறிதாக்கினார்கள்.

2024இல் என்விடியா அறிவித்த பிளக்வெல் என்ற சிப்பில் 208 பில்லியன் டிரான்சிஸ்டர்கள், அதாவது 20,800 கோடி. இதை மனிதன் கையால் கீறுவதென்றால் எத்தனை தலைமுறை போனாலும் முடியாது. ஆகவே, கீறும் வேலையைக் கணனியே செய்கிறது. பொறியியலாளர் "இந்தச் சிப் இன்னின்ன வேலை செய்ய வேண்டும்" என்று ஒரு விசேட மொழியில் எழுதுகிறார். அதற்கென்று உள்ள மென்பொருள் அதை சுவிட்சுகளாக மாற்றுகிறது. இன்னொரு மென்பொருள் எந்த சுவிட்ச் எங்கே, எந்தக் கம்பி எந்த வழியால் என்று இடம் போட்டுக் கொடுக்கிறது. மூன்றாவது ஒன்று பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கிறது. இந்த மென்பொருள்களைச் சேர்த்து ஈ.டி.ஏ. என்கிறார்கள். வடிவமைப்பைத் தானியங்கியாகச் செய்தல் என்று பொருள்.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தவர்களில் இருவர் கார்வர் மீட் என்ற பேராசிரியரும் லின் கொன்வே என்ற பெண் பொறியியலாளரும் ஆவர். சிப் வடிவமைப்பு ஆலைக்குள் இருக்கும் சிலருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருந்த காலத்தில், அதை எளிய விதிகளாக்கி 1980இல் பாடநூலாக வெளியிட்டார்கள். அதன்பிறகு ஆலைப்பக்கமே போகாத மாணவர்களும் சிப் வடிவமைக்கத் தொடங்கினார்கள்.

மூன்று கடையில்தான் தராசு

இனி வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். இந்த மென்பொருள் சந்தை பெரும்பாலும் மூன்று கம்பனிகளின் கையில் இருக்கிறது. 1986இல் தொடங்கப்பட்ட சினொப்சிஸ், 1988இல் உருவான கேடன்ஸ், ஜேர்மனியின் சீமென்ஸ் 2017இல் 4.5 பில்லியன் டொலருக்கு வாங்கிய மென்ரர் கிராபிக்ஸ். ஓர் ஊரில் மூன்று கடையில்தான் தராசு இருக்கிறது, நிறுக்க வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதே நிலைதான். வாடகையும் சிறு கம்பனிக்கு எட்டாத வாடகை.

தராசு வைத்திருப்பவர் கதவை மூடினால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இந்த மென்பொருள்களைச் சீனாவுக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஜூலை ஆரம்பத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இடைப்பட்ட சில வாரங்கள் சீனா போன்ற பெரிய நாடே கலங்கியது என்றால் சிறிய நாடுகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கைநழுவிய ஒரு சந்தர்ப்பம்

இலங்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1980களின் ஆரம்பத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்ற இரண்டு அமெரிக்க இலத்திரனியல் கம்பனிகள் இங்கே தொழிற்சாலை அமைக்க ஏற்பாடு செய்தன. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. இரண்டும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டன.

பினாங்கு எங்கள் சமூகத்துக்குத் தெரியாத ஊரல்ல. தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகள் தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். 1972இல் அங்கும் ஒரு சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அதே வருடம் இன்டெல் கம்பனி அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தது. இன்று உலகின் சிப் பொருத்தும் வேலையில் பினாங்குக்கு நிலையான ஓர் இடம் உண்டு. ஆனாலும் மலேசியா அதோடு திருப்திப்படவில்லை. பொருத்துவதில் கூலிதான் கிடைக்கிறது, வரைபடத்தில்தான் இலாபம் இருக்கிறது என்று கண்டு, 2025 மார்ச்சில் ஆர்ம் என்ற வடிவமைப்புக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்தது. பத்து வருடத்தில் 250 மில்லியன் டொலர் கொடுத்து வடிவமைப்பு உரிமங்களைப் பெறுவதும், 10,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கம்.

சண்டையும் கலவரமும் ஓர் ஊரின் வியாபாரத்தை என்ன செய்யும் என்பதை மூதூரிலும் வெருகலிலும் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006இல் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்து, கடைகளை விட்டு ஓடியவர்கள் நாங்கள். 1983இல் போனது ஒரு தொழிற்சாலை மட்டுமல்ல. அதில் வேலை பழகியிருக்கக்கூடிய ஒரு தலைமுறையும் போனது.

சென்னை காட்டிய வழி

தொழிற்சாலை போனது போனதுதான். அதைக் கட்ட இன்று பல பில்லியன் டொலர் வேண்டும். ஆனால் வரைபடம் கீறுவதற்கு அத்தனை முதல் தேவையில்லை என்பதைக் கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014இல் "சக்தி" என்ற பெயரில் ஒரு வேலை தொடங்கியது. கணனியின் மூளையான புரொசெசரைத் தாங்களே வடிவமைப்பது அதன் நோக்கம். இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை ரிஸ்க்-பைவ். இது அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ஒரு திறந்த முறை. உரிமக் கட்டணம் இல்லாமல் யாரும் பாவிக்கலாம். 2018இல் சக்தியின் முதலாவது சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் செய்யப்பட்டது. அதே வருடத்தில் இன்னொன்று சண்டிகாரில் உள்ள அரசாங்க ஆலையில் செய்யப்பட்டது.

2025 பெப்ரவரியில் ஐ.ஐ.டி.யும் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவும் சேர்ந்து "ஐரிஸ்" என்ற சிப்பை அறிவித்தன. வரைபடம் சென்னையில். சிப் செய்தது சண்டிகாரில். உறையிட்டது கர்நாடகாவில். அதைத் தாங்கும் பலகை குஜராத்தில். எல்லாவற்றையும் பொருத்தியது மீண்டும் சென்னையில். சண்டிகார் ஆலையின் தொழில்நுட்பம் புதியதல்ல. உலகின் முன்னணி ஆலைகள் கால் நூற்றாண்டுக்கு முன்னர் பாவித்த 180 நானோமீற்றர் அளவுதான். ஆனால் அந்த வேலைக்கு அது போதும். விண்கலத்துக்குப் போதுமென்றால் தராசுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போதாதா?

சக்தி வளர்ந்த அதே வளாகத்திலிருந்து மைண்ட்குரோவ் என்ற சிறு கம்பனி 2021இல் புறப்பட்டது. வீட்டு உபகரணங்களுக்கும் மீற்றர்களுக்கும் பொருத்தக்கூடிய ஒரு சிப்பை 2024இல் அது அறிவித்தது. அதற்கும் சொந்த ஆலை கிடையாது. வாடகை கொடுக்க முடியாத மூன்று கடைத் தராசுகளை இந்திய அரசாங்கம் மொத்தமாக எடுத்து, பெங்களூரில் ஒரு நிலையத்தில் வைத்து, கல்லூரிகளுக்கும் இப்படியான சிறு கம்பனிகளுக்கும் பாவிக்கக் கொடுக்கிறது. மொத்தத்தில் எடுத்துச் சில்லறையாகப் பகிர்வது எமக்குத் தெரிந்த தொழில். அதை ஓர் அரசாங்கம் செய்தால் என்ன விளைகிறது என்பதற்கு இது சாட்சி.

இலங்கையிலும் இந்தத் தொழில் அடியோடு இல்லையென்று எண்ண வேண்டாம். சினொப்சிஸ் கொழும்பிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலத்திரனியல் துறையில் படித்தவர்கள் சிப் வடிவமைப்பில் வேலை செய்கிறார்கள். தொகை சிறிது. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை நிலைக்குமா?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். நான்கு வருடம் படித்து வெளியே வரும்போது அந்த வேலையை இயந்திரமே செய்துவிட்டால்?

ஏற்கெனவே அது தொடங்கிவிட்டது. சினொப்சிஸ் 2020இலும் கேடன்ஸ் 2021இலும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சிப்பின் அமைப்பைத் தெரிவு செய்யும் மென்பொருள்களை வெளியிட்டன. 2021இல் கூகுள் ஆய்வாளர்கள், சிப்பில் பெரிய பாகங்களுக்கு இடம் ஒதுக்கும் வேலையைத் தமது இயந்திரம் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கிறது என்று எழுதினார்கள். வேறு நிபுணர்கள் அதைச் சரிபார்த்து, சொன்ன அளவுக்கு இலாபம் இல்லை என்று வாதிட்டார்கள். அந்த விவாதம் நீண்ட நாள் நடந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சரிபார்ப்புத்தான். 1994இல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில், பிரித்தல் கணக்கில் ஒரு சிறு பிழை இருப்பதை ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சிப்பை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்து, இன்டெல் 475 மில்லியன் டொலர் நட்டமாக எழுதியது. மென்பொருளில் பிழை வந்தால் திருத்தி அனுப்பலாம். சிப்பில் பதிந்துவிட்ட பிழையை அழிக்க முடியாது. ஆகவே இயந்திரம் எவ்வளவு வேகமாகக் கீறினாலும், கீறியது சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கும், என்ன கீற வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கும் வேலை இருக்கும் என்பதே எனது கணிப்பு. இலகுவான வேலைகள் குறையும். அடிப்படை தெரியாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி வரும்.

இன்னொரு புறம், கருவியின் விலையும் இறங்கி வருகிறது. கலிபோர்னியாவில் 2018இல் தொடங்கிய ஓப்பன்ரோட் என்ற திட்டம், வரைபடம் கீறும் மென்பொருளை இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறது. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற ஆலையும் சேர்ந்து, சிப் செய்வதற்கான ஆலையின் விதிகளையே பகிரங்கமாக்கின. பல மாணவர்களின் சிறிய வரைபடங்களை ஒரே சிப்பில் சேர்த்து, ஒருவருக்குச் சில நூறு டொலருக்குள் செய்து கொடுக்கும் ஏற்பாடுகளும் உண்டு. ஒலுவிலில் இருக்கும் ஒரு பிள்ளை தன் சாதாரண கணனியிலேயே இந்த இலவச மென்பொருளை இறக்கிப் பழகலாம்.

எல்லாம் நல்லதாகவே சொல்லி முடித்தால் நான் வியாபாரியல்ல. இப்படி மலிவாகச் செய்து கொடுத்த ஈபேப்லெஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, முதல் கிடைக்காமல் 2025 மார்ச்சில் மூடப்பட்டது. காசு கட்டியிருந்த பலர் தவித்தார்கள். ஆகவே கடை முதலை எடுத்து சிப் கம்பனியில் போடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அது எமது தொழில் அல்ல. பிள்ளைகளின் படிப்பில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் முடிவு

இவ்வளவையும் விசாரித்த பிறகு தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். கணக்கை அவளுக்கு விளக்கினேன். களஞ்சிய வேலையில் சம்பளம் முதல் மாதத்திலிருந்தே வரும், ஆனால் பத்து வருடம் கழித்தும் அது களஞ்சிய வேலைதான். படிப்பில் நான்கு வருடம் ஒரு சதமும் வராது, பிறகு வரலாம். வராமலும் போகலாம். இதில் உத்தரவாதம் இல்லை என்பதையும் சொன்னேன். எந்தச் சாமானிலும் உத்தரவாதம் இல்லை.

"அப்ப என்ர புள்ளைட வீடு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவனைப் படிக்கப் போகச் சொல்வது அறிவுரை மட்டும்தான். அறிவுரைக்குச் செலவில்லை. ஆகவே சீமெந்தும் கம்பியும் என் கடையிலிருந்து போகும் என்றேன். கொப்பியில் எழுதி வைப்பேன், அவன் உழைக்கும் நாளில் கொடுக்கட்டும் என்றேன். மேசன் கூலிக்கு என் தம்பியும் ஒரு பங்கு பொறுப்பெடுத்தான். மருமகன் ஒலுவிலுக்குப் போய்விட்டான். வீட்டின் சுவர் இப்போது யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது.

அன்புக்குரிய வியாபார சகோதரர்களே, பல்கலைக்கழகப் படிப்பு எமது நாட்டில் இலவசம். பிள்ளைகளைத் தடுப்பது கட்டணமல்ல. வீட்டில் முடியாமல் நிற்கும் சுவர், போடிங் வாடகை, ஒரு கணனியின் விலை, இவைதான். மூதூர், தோப்பூர், கிண்ணியா, வெருகல், ஈச்சிலம்பற்று என்று எங்கு பார்த்தாலும், கணிதப் பிரிவில் சித்தியடைந்தும் இந்தக் காரணங்களால் பின்வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறது, தமிழ்ப் பிள்ளையும் இருக்கிறது. எங்கள் கடைகளுக்கு இருவரும்தான் வாடிக்கையாளர்கள். ஒவ்வோர் ஊர் வர்த்தகர் சங்கமும் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் மாதச் செலவைப் பொறுப்பெடுத்தால் பெரிய சுமை வராது. கொடுப்பதாக வேண்டாம், கடனாக எழுதுங்கள். கடனை வசூலிக்கத் தெரியாதவர்களா நாம்?

புதுத் தராசு வாங்கிவிட்டேன். பழைய தராசை மருமகன் ஒலுவிலுக்கு எடுத்துப் போயிருக்கிறான். அதற்கு ஒரு மூளை செய்து கொண்டு வருவதாகச் சொன்னான். வந்தால் நல்லது. வராவிட்டாலும் அந்தக் கறுப்புத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவன் எங்கள் ஊரில் இருப்பான். ஐம்பது வயது தாண்டிய என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.